ஆய்வகத் தோல் மாதிரி கெட்டால்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிறிய செல் வளர்ப்பு ஆய்வகத்தில் மனிதத் தோல் மாதிரிகள் செய்துவருகிறேன். தோல் நோய்களை ஆராய்பவர்களும், களிம்பு, எண்ணெய் சோதிப்பவர்களும் எங்களிடம் வாங்கிக்கொள்கிறார்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் அதே சிக்கல்களோடுதான் வந்து நிற்கிறார்கள். "அக்கா, மீடியம் கலரே சரியில்ல." "அக்கா, ஜெல் சுருண்டுபோச்சு." அவர்களுக்குச் சொன்னதை அறிகுறி வாரியாக இங்கே எழுதிவைக்கிறேன். திருச்சி, திருவாரூர், கும்பகோணம் என்று டெல்டாவில் எங்கே இந்த வேலையைச் செய்தாலும் மழையும் வெயிலும் மின்சாரமும் ஒன்றுதான். அதனால் உங்களுக்கும் பொருந்தும்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். பணம் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. எங்களுக்கு வரும் செல்களில் பெரும்பங்கு சிறுவர்களின் முன்தோலிலிருந்து பிரித்தெடுத்தவை. மார்க்கக் கல்யாணத்துக்காக, அதாவது சுன்னத்துக்காகப் பையனை மருத்துவமனைக்குக் கூட்டிவந்திருந்த நாகூர்க் குடும்பம் ஒன்றிடம் ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டினோம். பையனின் உம்மா கேட்டார்: "இத வச்சு யாருக்காவது நல்லது நடக்குமாம்மா?" நடக்கும் என்று சொல்லித்தான் வாங்கி வந்தோம். அந்தச் செல்கள் ஒரு காலி வாயு சிலிண்டரால் செத்துப்போகக் கூடாது.

## நன்றாக வளர்ந்தால் எப்படி இருக்கும்

மேல்தோல் மட்டும் உள்ள மாதிரிக்கு, அடியில் 0.4 மைக்ரான் துளைச் சவ்வு உள்ள சிறு பிளாஸ்டிக் கிண்ணமான இன்சர்ட்டில் சதுர செ.மீ.க்குச் சுமார் 3 லட்சம் கெரட்டினோசைட் எனும் மேல்தோல் செல்களை விதைக்கிறோம். ஒரு நாள் மீடியத்தில் (செல்லுக்கு உணவான திரவம்) மூழ்கியிருக்கும். மறுநாள் மேலே இருக்கும் மீடியத்தை எடுத்துவிட்டு அடியில் மட்டும் வைக்கிறோம். இதைக் காற்றில் ஏற்றுவது என்போம். அதிலிருந்து 4ஆம் நாளுக்குள் மேற்பரப்பு காய்ந்துவிட வேண்டும். 11 முதல் 14 நாளில் பளபளப்பு இல்லாத வெண்மையோடு, தொட்டால் வழுக்காத தோலாகிவிடும். கீழ்த்தோலும் வேண்டுமென்றால் ஃபைப்ரோபிளாஸ்ட் எனும் கீழ்த்தோல் செல் கலந்த கொலாஜன் ஜெல்லை முன்னதாகவே தயார் செய்ய வேண்டும். அதற்குக் கூடுதலாக ஒரு வாரம் பிடிக்கும்.

இந்த நாள்கணக்கில் எங்கே பிசகியது என்று பார்த்து, அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி: மீடியத்தின் நிறம் சரியில்லை

### ஊதாவாகப் போகிறது

மீடியத்தின் அமிலம் குறைந்திருக்கிறது, அதாவது கார்பன் டை ஆக்சைடு போதவில்லை. முதலில் இன்குபேட்டர் (செல்லைச் சூடாக வைத்து வளர்க்கும் பெட்டி) கதவின் ரப்பரைப் பாருங்கள். அடுத்து, சிலிண்டரிலிருந்து வரும் குழாய் மடங்கியிருக்கிறதா, இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் அங்கேதான் ஓட்டை.

அப்புறம் சிலிண்டர். ரெகுலேட்டர் முள் நல்ல அழுத்தத்தைக் காட்டுகிறது, ஆகவே வாயு இருக்கிறது என்று நினைத்து ஏமாறாதீர்கள். உள்ளே திரவம் இருக்கும்வரை முள் பெரிதாக இறங்காது. திரவம் தீர்ந்த பிறகு மளமளவென்று விழும். வெள்ளிக்கிழமை மாலை நன்றாகத் தெரிந்த முள் ஞாயிற்றுக்கிழமை பூஜ்யத்தில் நிற்பது இப்படித்தான். சிலிண்டரை எடைபோடுங்கள். காலி எடை கழுத்தில் பொறித்திருக்கும். வாரம் ஒருமுறை எடையைச் சுவரில் குறித்துவைத்தால் அடுத்த சிலிண்டருக்கு எப்போது சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிடும். எங்களுக்குச் சிலிண்டர் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்பதால் ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஊதாவாகிறது என்றால், திரையில் 5 சதவீதம் என்று காட்டினாலும் உள்ளே அவ்வளவு இல்லை என்று பொருள். சில இன்குபேட்டர்களின் உணரி, ஈரப்பதம் மாறும்போது தவறாகக் காட்டும். தனி அளவுமானி வைத்து உள்வாயுவை அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள். உணரியை நீங்களே திருகி அளவு மாற்ற வேண்டாம்.

### மஞ்சளாக, ஆனால் தெளிவாக

பெரும்பாலும் செல் நெருக்கம் அதிகம், அல்லது மீடியம் மாற்ற மறந்த நாள். குறிப்பேட்டைப் பாருங்கள். மாற்றுங்கள். அவ்வளவுதான்.

### மஞ்சளாக, கலங்கலாக

பாக்டீரியா. பிளேட்டைத் திறக்காமல் பாரஃபிலிம் சுற்றி ஆட்டோகிளேவுக்கு (நீராவியில் கிருமி கொல்லும் கருவி) அனுப்புங்கள். ஆன்டிபயாடிக் போட்டுக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். அன்றைக்குத் திறந்த மீடியம், டிரிப்சின் (செல்லைப் பிரிக்கும் நொதி), பிபிஎஸ் (கழுவும் உப்புக்கரைசல்) பாட்டில்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, செல் இல்லாமல் தனித்தனியாக இன்குபேட்டரில் வைத்தால் மறுநாளே எது குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

### நிறம் சரி, ஆனால் செல் சோம்பலாக இருக்கிறது

என்னை அதிகம் பயமுறுத்தும் அறிகுறி இது. கலங்கல் இல்லை, வாடை இல்லை. ஆனால் 3 நாளில் நிரம்ப வேண்டிய பிளாஸ்க் 6 நாள் எடுக்கிறது. மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியாவைச் சந்தேகியுங்கள். அதற்குச் செல்சுவரே இல்லாததால் பெனிசிலின் ஒன்றும் செய்யாது. சாதாரண நுண்ணோக்கியிலும் தெரியாது. பிசிஆர் பரிசோதனை செய்ய வேண்டும், அல்லது டிஎன்ஏ சாயம் போட்டு ஒளிரும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். செல்லின் கருவுக்கு வெளியே பொடிப்பொடியாக ஒளிர்ந்தால் முடிவு தெரிந்துவிட்டது.

இது வரும் வழி பெரும்பாலும் இன்னொரு ஆய்வகத்திலிருந்து அன்போடு வாங்கிவந்த குப்பி. அடுத்த வழி, ஹூட் (வடிகட்டிய காற்று வீசும் வேலைப்பெட்டி) முன்னால் பேசிக்கொண்டே வேலை செய்யும் நம் வாய். வெளியிலிருந்து வந்த செல் எதுவாக இருந்தாலும், பரிசோதனை முடிவு வரும்வரை தனி இன்குபேட்டரில், தனி மீடியத்தில். தனி இன்குபேட்டர் இல்லாதவர்கள் அந்தச் செல்லை நாளின் கடைசி வேலையாகத் தொடுங்கள். நோய் கண்ட செல்லை மருந்து போட்டுத் திருத்தலாம் என்பார்கள். மாற்றே கிடைக்காத கொடையாளியின் செல் தவிர வேறெதற்கும் அந்தச் செலவு தகாது என்பது என் முடிவு.

## அறிகுறி: உறைந்த செல் குப்பியை உருக்கினேன், செல் ஒட்டவில்லை

உருக்கும் வேகத்தைப் பாருங்கள். 37 டிகிரி வாட்டர் பாத்தில் ஓரிரு நிமிடம், உள்ளே பட்டாணி அளவு பனிக்கட்டி மிச்சமிருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். முழுக்க உருகிய பிறகு, உறையவைக்கச் சேர்த்த டிஎம்எஸ்ஓவில் செல் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் கெடுதல். குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் பேசியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பாசேஜ் எண், அதாவது செல்லை எத்தனை முறை பிரித்து மறுபடி வளர்த்தோம் என்ற கணக்கு. கெரட்டினோசைட்டை 3, 4க்கு மேல் கொண்டுபோனால் ஒட்டினாலும் தோலாகாது. செல் பெரிதாக, தட்டையாக, பொரித்த முட்டை மாதிரி இருந்தால் வயதாகிவிட்டது.

மூன்றாவது, மீடியத்தில் சுண்ணாம்புச்சத்து. பெருக்கும் காலத்தில் கால்சியம் 0.1 மில்லிமோலாருக்குக் கீழே இருக்க வேண்டும். சாதாரண சீரம் கலந்தால் அதிலுள்ள கால்சியமே செல்லை முதிரவைத்துவிடும்.

இதெல்லாம் சரி என்றால், குப்பிகளை உறைநிலையில் வைத்திருக்கும் திரவ நைட்ரஜன் கேனைத் திறந்து மர அளவுகோல் விட்டுப் பாருங்கள். திரவம் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால், எப்போதோ ஒருநாள் குப்பி சூடேறியிருக்கும். கேனின் வெளிப்பக்கம் கழுத்தில் வியர்வையோ உறைபனியோ படிந்திருந்தால் உள்சுவரின் வெற்றிடம் போய்விட்டது. அது பொறுக்கும் விஷயம் இல்லை. அன்றைக்கே குப்பிகளை வேறு கேனுக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு கம்பெனியைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: பூஞ்சை

டெல்டாவில் இந்த வேலை செய்பவர்களுக்குப் பரம எதிரி இதுதான். எங்கள் குறிப்பேட்டில் இரண்டு காலங்களில் இது கூடுகிறது. ஒன்று, ஐப்பசி, கார்த்திகை மழை. இன்னொன்றை வெகுநாள் கவனிக்கவில்லை: தை மாதம் சம்பா அறுவடை. சாலையில் நெல் காயும், வைக்கோல் வண்டி வண்டியாகப் போகும், அந்தத் தூசியெல்லாம் பூஞ்சை வித்து. வயல் ஓரத்தில் ஆய்வகம் இருந்தால் சட்டைமடிப்பில்கூட வந்துவிடும்.

காற்றில் ஏற்றிய மாதிரியில் இது மீடியத்தில் தெரிவதற்கு முன்பே மேற்பரப்பில் தெரியும். வெள்ளையாக, பஞ்சுநூல் மாதிரி. வெண்மை தோலின் வெண்மை மாதிரியே இருப்பதால் புதியவர்கள் சந்தோஷப்பட்டுவிடுவார்கள். பிளேட்டைச் சாய்த்து வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். தோல் சமமாக இருக்கும், பூஞ்சை மயிராக நிற்கும்.

ஒரே ஒரு இன்சர்ட்டில் மட்டும். கைத்தவறு. பிப்பெட் முனை எங்கோ பட்டிருக்கிறது. அந்தப் பிளேட்டை முழுதுமாகக் கழித்துவிடுங்கள். பக்கத்து இன்சர்ட் நன்றாகத் தெரிகிறதே என்று வைத்துக்கொண்டால் 2 நாளில் அதுவும் போகும்.

ஒரே ஆள் செய்த பிளேட்டுகளில் எல்லாம். அந்த ஆளைத் திட்டாமல் பக்கத்தில் நின்று ஒருமுறை பாருங்கள். திறந்த பிளேட்டின் மேலே கை போகிறதா, ஹூட்டின் முன்விளிம்பு ஜாலியின் மேல் டப்பா வைத்துக் காற்றோட்டத்தை அடைக்கிறாரா, பஸ்ஸில் வந்த அதே துப்பட்டாவோடு உட்காருகிறாரா. எங்களுடைய பெரும்பாலான தொற்று இந்த மூன்றில் ஒன்றில் முடிந்திருக்கிறது.

எல்லார் பிளேட்டிலும், ஒரே இன்குபேட்டரில். ஈரத்துக்கு வைத்திருக்கும் தண்ணீர்த் தட்டுதான். போர் தண்ணீர், குழாய்த் தண்ணீர் வேண்டாம். கிருமி நீக்கிய காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும், வாரம் ஒருமுறை மாற்றி. தட்டுகளையும் அலமாரிகளையும் கழற்றி ஆட்டோகிளேவ் செய்யுங்கள். உள்சுவரை எத்தனாலால் துடைத்துவிட்டு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். எத்தனால் பூஞ்சை நூலைக் கொல்லும், வித்துகளை நம்பும்படி கொல்லாது. ஹைட்ரஜன் பெராக்சைடு அடிப்படையிலான கிருமிநாசினி தேவை. இன்குபேட்டரில் சூட்டுச் சுத்திகரிப்பு வசதி இருந்தால் ஓர் இரவு ஓட்டிவிடுங்கள்.

எல்லார் பிளேட்டிலும், எல்லா இன்குபேட்டரிலும். அறையைப் பாருங்கள். அட்டைப் பெட்டிகளை முதலில் வெளியே தூக்குங்கள். மழைக்காலத்தில் அட்டை ஈரம் குடித்து, அதுவே பூஞ்சைப் பண்ணையாகிவிடும். ஏசி வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். பிறகு உருளைக்கிழங்கு அகார் பிளேட்டுகளை ஹூட்டுக்குள் ஒன்று, இன்குபேட்டர் மேல் ஒன்று, கதவருகே ஒன்று என்று அரை மணி நேரம் திறந்துவைத்து, மூடி, அறைச்சூட்டில் 5 நாள் விடுங்கள். கதவருகே உள்ளதில் முளைத்து ஹூட்டில் முளைக்கவில்லை என்றால் ஹூட் நன்றாக இருக்கிறது. ஹூட்டுக்குள்ளேயே முளைத்தால் ஹெப்பா வடிகட்டியில் ஓட்டை அல்லது விளிம்புக் கசிவு. அங்கேதான் தொழில்நுட்ப ஆளைக் கூப்பிட வேண்டும், வடிகட்டி சோதனை நாம் செய்வது இல்லை. ஹூட்டை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நகர்த்தியிருந்தால், அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் அந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

ஆம்ஃபோடெரிசின் போட்டு மாதிரியைக் காப்பாற்றலாமா என்று கேட்பார்கள். அது பூஞ்சையை அடக்கிவைக்கும், கெரட்டினோசைட்டையும் வாட்டும். அப்படிப்பட்ட தோலில் செய்த சோதனைக்கு என்ன மதிப்பு? வேண்டாம்.

## அறிகுறி: கொலாஜன் ஜெல் சொன்னபடி கேட்கவில்லை

### உறையவே இல்லை

எலிவால் கொலாஜன் அமிலத்தில் கரைந்து வரும். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஎச் 7.2 முதல் 7.4 வரை கொண்டுவந்தால்தான் உறையும். கலவை மஞ்சளாக இருந்தால் இன்னும் அமிலம், ஊதாவாக இருந்தால் தாண்டிவிட்டது, வெளிர் ரோஜா நிறம் சரி. நிறத்தை நம்பாதவர்கள் ஒரு சொட்டைப் பிஎச் தாளில் வையுங்கள். நிறம் சரியாக இருந்து 45 நிமிடத்துக்குப் பிறகும் தண்ணீராக இருந்தால், கொலாஜன் எப்போதோ உறைந்து உருகியிருக்கலாம், அல்லது பழையது. புதுப் பாட்டில் திறங்கள்.

### கலக்கும்போதே கட்டியாகிறது

பனிக்கட்டியில் வைத்துக் கலக்கவில்லை. சித்திரை, வைகாசியில் பிப்பெட், குழாய், மீடியம் எல்லாமே குளிர்ந்திருக்க வேண்டும். ஏசி ஓடாத நாளில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

### ஓரத்திலிருந்து விலகிச் சுருங்குகிறது

ஃபைப்ரோபிளாஸ்ட் ஜெல்லைப் பிடித்து இழுப்பது இயல்பு. அதைத் தடுக்க முடியாது, கணக்கில் வைக்கத்தான் முடியும். செல் எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள். செல் இல்லாத மெல்லிய கொலாஜன் படலம் ஒன்றை முதலில் இன்சர்ட் அடியில் உறையவிட்டு, அதன் மேல் செல் கலந்ததை ஊற்றினால் பிடிப்பு வரும். சுருங்கி முடிக்க 4 முதல் 7 நாள் கொடுத்துவிட்டு அப்புறம் கெரட்டினோசைட்டை விதையுங்கள். அவசரப்பட்டு முன்பே விதைத்தால் செல் ஓர இடுக்கில் வழிந்து அடியில் போய் வளரும்.

## அறிகுறி: 4ஆம் நாளாகியும் மேற்பரப்பு ஈரம்

இந்த ஓர் அறிகுறிக்காகத்தான் இந்தக் குறிப்பையே எழுத ஆரம்பித்தேன். தோல் ஆக வேண்டியது தோலாகாமல் போவதற்கு முதல் எச்சரிக்கை இது. இதைக் கவனிக்காமல் 14 நாள் ஓட்டிவிட்டு, வெட்டிப் பார்த்துவிட்டு அழுவதில் பயனில்லை.

முதலில் மூடியைப் பாருங்கள். மூடியின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால், அது சொட்டிய ஈரமாக இருக்கலாம். கதவை அடிக்கடி திறப்பதும், குளிர்ந்த ஹூட்டில் பிளேட்டை வெகுநேரம் வைத்திருப்பதும் காரணம். பஞ்சுக்குச்சியால் மூடியை ஒற்றியெடுத்து ஒரு நாள் பொறுங்கள்.

அடுத்தது அடிமீடியத்தின் மட்டம். சவ்வைத் தொடும் அளவுதான் வேண்டும். அதிகம் ஊற்றினால் கீழிருந்து தள்ளும். இன்குபேட்டர் அலமாரி சாய்ந்திருந்தால் ஒருபக்க இன்சர்ட்டுகள் மட்டும் நனையும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை வாங்கி அலமாரியில் வைத்துப் பாருங்கள். எங்கள் ஆய்வகத்தில் 2 மாதம் தலையைப் பிய்த்துக்கொண்ட சிக்கலுக்கு முடிவு, அலமாரியின் ஒரு கொக்கி ஒரு துளை கீழே மாட்டியிருந்தது.

மூன்றாவது, சவ்வில் கிழிசல். மீடியம் உறிஞ்சும்போது பிப்பெட் முனை நடுவில் குத்தியிருக்கும். நுண்ணோக்கியில் வட்டமான வெறுமை தெரிந்தால் அதுதான். முனையை எப்போதும் இன்சர்ட்டின் சுவரோரம் வையுங்கள்.

நான்காவது, விதைத்தது போதவில்லை. காற்றில் ஏற்றும் முன் செல்கள் இடைவெளி இல்லாமல் பரவியிருக்க வேண்டும். எண்ணும்போது செத்த செல்லையும் சேர்த்து எண்ணியிருந்தால் இப்படி ஆகும். செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரைபான் புளூ போட்டு மறுபடி எண்ணிப் பழகுங்கள்.

ஐந்தாவது, காற்றில் ஏற்றிய பிறகான மீடியத்தில் கால்சியத்தை உயர்த்த மறந்தது. சுமார் 1.5 மில்லிமோலார் வேண்டும். பெருக்கும் மீடியமும் முதிர்விக்கும் மீடியமும் ஒரே நிறப் பாட்டிலில் இருந்தால் என்றைக்காவது மாறும். நாங்கள் ஒன்றுக்குச் சிவப்பு நாடா சுற்றிவைத்திருக்கிறோம்.

ஐந்தும் இல்லையென்றால், இன்சர்ட்டின் குறுக்கே மின்தடை அளந்து பாருங்கள். வெறும் சவ்வின் அளவை ஒட்டியே நின்றால் தடுப்புச்சுவர் உருவாகவில்லை. அந்தப் பேட்சை நிறுத்திவிட்டு, கொடையாளியை மாற்றுங்கள். சில கொடையாளிகளின் செல், ஏனென்று தெரியாமலே, தோலாக மறுக்கும்.

## அறிகுறி: வெட்டிப் பார்த்தால் அடுக்குகள் சரியில்லை

வெட்டும் முறையில் தவறில்லை என்று உறுதி செய்துவிட்டு அப்புறம் தோலைக் குறை சொல்லுங்கள். சவ்வோடு சேர்த்துத் தோலை இன்சர்ட்டிலிருந்து கத்தியால் வெட்டியெடுத்துத்தான் பதப்படுத்த வேண்டும். பிளாஸ்டிக் கிண்ணத்தோடு சைலீனில் போட்டால் கரைந்து குழம்பாகிவிடும். மெழுகில் புதைக்கும்போது துண்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். படுத்துவிட்டால் சாய்வாக வெட்டுப்பட்டு, 8 அடுக்குத் தோல் 20 அடுக்காகத் தெரியும். மருத்துவமனை நோய்க்குறியியல் கூடத்தில் கொடுப்பவர்கள் அங்குள்ள அண்ணனிடம் நேரில் போய், எந்தப் பக்கம் மேல் என்று மையால் குறித்துக் காட்டிவிட்டு வாருங்கள். தாளில் எழுதி அனுப்பினால் போதாது.

அடுக்கு மெலிந்திருந்தால் முதலில் வைட்டமின் சியைப் பாருங்கள். கரைத்துவைத்த வைட்டமின் சி வெளிச்சத்திலும் சூட்டிலும் சீக்கிரம் கெடும். அன்றன்றைக்குக் கரைத்துப் போடுங்கள், அல்லது நிலைத்து நிற்கும் பாஸ்பேட் வடிவத்தை வாங்குங்கள்.

உலர்ந்த மேலடுக்கில் கருக்கள் மிச்சமிருந்தால் முதிர்வு முழுமையாகவில்லை. இன்னும் 2, 3 நாள் விட்டு அதே பேட்சில் மறுபடி வெட்டிப் பாருங்கள். மேலடுக்கே வரவில்லை, செல் ஹாகேட் (HaCaT) வகை என்றால், தேடலை நிறுத்திவிடுங்கள். 1988 முதல் உலகமெங்கும் புழங்கும் நல்ல செல் வரிசை அது, புனே தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து எளிதாகக் கிடைக்கும், பயிற்சிக்கு அருமை. ஆனால் முழுமையான தடுப்புத்தோலை அது கட்டாது. எரிச்சல் சோதனைக்கு ஓஈசிடி என்ற பன்னாட்டு அமைப்பு வகுத்த 439ஆம் வழிகாட்டியும் இயல்பான, மாற்றமடையாத கெரட்டினோசைட்டைத்தான் கேட்கிறது.

## அறிகுறி: எம்டிடி எண்கள் நம்பும்படி இல்லை

எம்டிடி என்பது உயிருள்ள செல்லில் ஊதாவாகும் சாயம். பொருளைத் தடவிய பிறகு தோலில் எவ்வளவு உயிர் மிச்சம் என்று அதை வைத்து அளக்கிறோம். இந்தியாவில் 2014இல் அழகுப்பொருள்களை விலங்குகளில் சோதிப்பது தடைசெய்யப்பட்ட பிறகு, சிறு தயாரிப்பாளர்கள்கூட இந்தச் சோதனைக்கு வருகிறார்கள். ஆகவே எண் தவறினால் யாரோ ஒருவர் முகத்தில் அது தெரியும்.

ஒரே பொருளின் 3 மாதிரிகளுக்குள் பரவல் 18 சதவீதத்துக்கு மேல் போனால் முதலில் கழுவும் முறையைப் பாருங்கள். எண்ணெய்ப் பசையுள்ள பொருள் ஒன்றில் ஒட்டிக்கொண்டும் ஒன்றில் போயும் இருக்கும். ஐசோபுரோப்பனாலில் சாயம் முழுக்க இறங்கவில்லை என்றாலும் இப்படித்தான். கொல்வதற்கென்றே 5 சதவீத எஸ்டிஎஸ் (சோப்பு வகை இரசாயனம்) போட்ட மாதிரியே சாகவில்லை என்றால் கரைசல் பழையது, அல்லது அளவு பரவவில்லை. எதுவும் போடாத மாதிரியே குறைவாகக் காட்டினால் அந்தப் பேட்ச் முழுதும் தகுதியற்றது. எண்ணை வைத்து வாதாட வேண்டாம்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. குப்பைமேனிச் சாறு, மருதாணி, மஞ்சள் என்று மூலிகை கொண்டுவருவார்கள். உயிர்ப்பு 130 சதவீதம் என்று வரும், கொண்டுவந்தவருக்கு ஒரே சந்தோஷம். பல மூலிகைச் சாறுகள் செல்லின் உதவி இல்லாமல் தாங்களே எம்டிடியை ஊதாவாக்கிவிடும். தோல் இல்லாமல் வெறும் எம்டிடி கரைசலில் அந்தப் பொருளைப் போட்டு 37 டிகிரியில் வையுங்கள். நீலமோ ஊதாவோ வந்தால், உறையவைத்துக் கொன்ற தோலிலும் அதே சோதனையைச் செய்து அந்த அளவைக் கழிக்க வேண்டும். பொருளுக்கே அடர்நிறம் இருந்தால், எம்டிடி போடாத உயிருள்ள தோலில் நிறத்தை மட்டும் தனியாக அளந்து கழியுங்கள். கழிக்க வேண்டியது 50 சதவீதத்தை நெருங்கினால் நிறமானியை விட்டுவிட்டு, எச்பிஎல்சி (கரைசலில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் கருவி) உள்ள பெரிய ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

## அறிகுறி: காலையில் வந்தால் இன்குபேட்டர் ஆறிக் கிடக்கிறது

பதறிக் கதவைத் திறக்காதீர்கள். எத்தனை மணி நேரம் நின்றது என்று காவலாளியிடம் கேளுங்கள். செல் குளிரைக் கொஞ்சம் பொறுக்கும், சூட்டைப் பொறுக்காது. 30 டிகிரியில் சில மணி நேரம் இருந்த தோல் பெரும்பாலும் மீண்டுவிடும். ஆனால் மின்சாரம் திரும்பும்போது வரும் உயர் அழுத்தத்தில் வெப்பக் கட்டுப்பாட்டுப் பலகை கெட்டு, உள்ளே 42க்குப் போனால் எல்லாம் முடிந்தது. ஸ்டெபிலைசர் இல்லாத இன்குபேட்டரில் கொடையாளி செல்லை வைக்காதீர்கள். உள்ளே தனியாக ஒரு வெப்பமானி வையுங்கள். திரைக்கும் அதற்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் சர்வீஸைக் கூப்பிடுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது, எங்கள் பக்கம் மின்சாரம் வர நாள்கணக்கானது. டீசல் தீர்ந்ததும் வளர்ந்துகொண்டிருந்தவை எல்லாம் போய்விட்டன. மின்சாரமே தேவைப்படாத நைட்ரஜன் கேனில் இருந்தவை மட்டும் பிழைத்தன. அதிலிருந்து ஐப்பசி பிறந்தால் ஒவ்வொரு கொடையாளியின் செல்லிலும் பாதியை உறையவைத்து, இரண்டு ஊர்க் கேன்களில் பிரித்துவைக்கிறோம்.

## அறிகுறி: அனுப்பும்போது நன்றாக இருந்தது, போய்ச் சேர்ந்ததும் செத்திருக்கிறது

நல்ல மாதிரியை ஒரே ஆய்வகம் பூட்டிவைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒருவர் வளர்த்த தோலில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் அந்த உம்மாவுக்குச் சொன்ன வார்த்தை நிற்கும். அதனால் அனுப்பும் வேலையில் வரும் பழுதையும் வளர்க்கும் பழுதுக்குச் சமமாகத் தேட வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும் ஒன்றுக்கு மட்டும் எம்டிடி போட்டு, ஊதா எங்கே பிடிக்கிறது என்று படம் எடுக்கச் சொல்லுங்கள்.

ஓரம் வெளிறி, நடு ஊதா. குளிரூட்டும் ஜெல் பையை டீப் ஃபிரீசரிலிருந்து எடுத்து நேராக ஒட்டிவைத்திருக்கிறார்கள். ஓரம் உறைந்துவிட்டது. பைக்கும் பிளேட்டுக்கும் நடுவில் ஒரு துண்டு மடித்து வையுங்கள்.

ஒரு பாதி வெளிறி. பெட்டி சாய்ந்து வந்திருக்கிறது. இன்சர்ட்டுகளை மீடியம் கலந்த அகரோஸ் ஜெல்லில் பதித்து அனுப்புகிறோம், பாதி அதிலிருந்து விலகியிருக்கும். பதிக்கும்போது அடியில் குமிழி சிக்கினாலும் அந்த இடம் வெளிறும். ஒருமுறை எங்கள் பெட்டியைக் கொண்டுபோனவர்கள் அம்புக்குறியைப் பார்க்காமல் தலைகீழாக வைத்திருந்தார்கள், 24 இன்சர்ட்டும் போயின. அன்றுமுதல் கூடியவரை ஆளே கொண்டுபோகிறார்.

முழுதும் வெளிறி. சூடு, தாமதம், அல்லது பிஎச். உள்ளே வெப்பப் பதிவி வைத்திருந்தால் முதல் கேள்விக்கு அதுவே பதில் சொல்லும். வழியில் கார்பன் டை ஆக்சைடு கிடையாது, அதனால் அகரோஸில், பிஎச்சை நிலையாக வைக்கும் ஹெப்பஸ் சேர்த்த மீடியம் வேண்டும். கத்திரி வெயிலில் பகல் வண்டியே வேண்டாம். தஞ்சாவூரிலிருந்து இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். பெட்டி மடியருகே இருக்கட்டும், சீட்டுக்கடியில் வேண்டாம்.

ஊதா நன்றாக இருக்கிறது, ஆனால் சோதனையில் சொதப்புகிறது. வந்த அன்றே வேலை தொடங்கியிருப்பார்கள். புது மீடியத்தில் ஓர் இரவு இளைப்பாற விட வேண்டும்.

பெட்டியோடு போகும் தாளும் மாதிரியின் பகுதிதான். கொடையாளியின் பெயர் இல்லாமல் குறியீடு மட்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதி எண், எச்ஐவி, மஞ்சள்காமாலை பி, சி பரிசோதனை முடிவு, மைக்கோபிளாஸ்மா முடிவு, பாசேஜ், விதைத்த தேதி, அந்தப் பேட்சில் எத்தனை கழித்தோம், ஏன் கழித்தோம் என்பது வரை எழுதுங்கள். கடைசி வரியை எழுதப் பலர் கூச்சப்படுகிறார்கள். பெறுபவருக்கு அதிகம் உதவுவது அதுதான். பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் பெட்டி கிளம்பக் கூடாது. ஒப்புதலில் சொல்லாத பயனுக்குக் கேட்டால் நீங்கள் முடிவெடுக்காமல் நெறிமுறைக் குழுவிடம் விடுங்கள்.

அதே பேட்சில் 2 இன்சர்ட்டுகளை அனுப்பாமல் இங்கேயே நிறுத்திவையுங்கள். அங்கிருந்து எம்டிடி படம் வந்த அன்றே இவற்றிலும் போட்டுப் பாருங்கள். இங்கே ஊதா, அங்கே வெளிறல் என்றால் பழுது வழியில். இரண்டு இடத்திலும் வெளிறல் என்றால் பெட்டியை விட்டுவிட்டு, சிலிண்டரின் எடையிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.